பழங்கணக்கில் பெய்த மழை

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் ஐயா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு அணிவித்துப் பெருமைப்படுத்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, நாற்காலி போதாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கல்வெட்டு, நாட்குறிப்பு, கப்பல் குறிப்பேடு ஆகிய மூன்றிலிருந்தும் நம் பகுதியின் பழைய மழையையும் வறட்சியையும் எப்படிக் கண்டறிவது என்று நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். நான்காவதாகக் கிராம வருவாய்க் கணக்கைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். உண்மையில் அதற்காகத்தான் வந்தேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். இந்தப் பழமொழியோடு எனக்கு நீண்ட நாள் வழக்கு உண்டு.

முதலில் கல்வெட்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண் மக்கள் இருவரையும் 110 காசுக்கு மடத்துக்கு விற்றுக்கொண்டதைக் கல் சொல்கிறது. நெல்லின் விலையைத் துல்லியமாகச் சொல்லும் அந்தக் கல்லில் மழை பொய்த்ததா, வெள்ளம் வந்ததா என்பது இல்லை. விலையேற்றத்தைக் கண்டதும் வறட்சி என்று எழுதிவிடுவது அவசரக்காரர்களின் வேலை.

அடுத்தது நாட்குறிப்பு. இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1746ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொன்னே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் கொடுத்தால் நகரைத் திருப்பித் தந்துவிடுவதாக ஆங்கிலேயரிடம் பேரமும் பேசி முடித்தார். புதுச்சேரியிலிருந்த ஆளுநர் துய்ப்ளேவுக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் இடையே கடிதம் பறந்தது, கோபம் ஏறியது, ஒருவரும் இறங்கி வரவில்லை. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுத்தான் நிற்கும். ஐப்பசி மழைக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்பது கடலோடிகள் அறிந்த பாடம், ஆனால் பேரம் முடியாமல் எப்படிக் கிளம்புவது? அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. கப்பல்கள் மூழ்கின, தப்பியவை பாய்மரம் இழந்து நின்றன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிஞ்சியதை ஒட்டுப்போட்டுக்கொண்டு லபூர்தொன்னே வெளியேற, துய்ப்ளேவின் பிடிவாதத்தால் முடியாததை வங்கக் கடல் ஓர் இரவில் முடித்துக் கொடுத்தது. (அவையில் சிரிப்பு.)

சிரித்தது போதும், இனிமேல்தான் பாடம். அதே புயல் அக்டோபர் 2 அன்று அடித்ததாக ஆங்கிலேயர் கணக்கு சொல்லும். அன்று ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையும் பிரெஞ்சுக்காரர் புதிய நாட்காட்டியையும் வைத்திருந்தார்கள். இடைவெளி 11 நாள். 1752இல்தான் ஆங்கிலேயர் மாறினார்கள். இதை அறியாதவர் ஒரு புயலை இரண்டாக எண்ணிவிடுவார். ஆனால் கிழமை இரு நாட்காட்டியிலும் ஒன்றே: வியாழன். அந்நாளில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வருஷம், மாதம், தேதி, கிழமை என்று நான்கையும் எழுதும் வழக்கமுடையவர். இப்படி ஐயம் வரும்போது அந்தக் கிழமைதான் கைகொடுக்கும். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தாது வருஷம் என்றதும் நமக்கு 1876ஆம் ஆண்டுப் பஞ்சம் நினைவுக்கு வரும். அறுபது ஆண்டுக்கு முன் 1816ஆம் ஆண்டும் தாதுதான். அதற்கு முந்தைய ஆண்டு தம்போரா எரிமலை வெடித்து, ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போன ஆண்டு அது. சுற்றை மாற்றிப் படித்தால் ஒரு பஞ்சமே இடம் மாறிவிடும்.

கப்பல் குறிப்பேட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே நேரே நான்காவதற்கு வருகிறேன்.

1980 வரை ஒவ்வொரு கிராமத்திலும் கணக்குப்பிள்ளை இருந்தார். அவர் எழுதிய அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன பயிர், எந்தத் தண்ணீர், விளைந்ததா, மணி பிடிக்காத சாவியா, தரிசா என்றெல்லாம் பசலிதோறும், அதாவது வருவாய் ஆண்டுதோறும், பதிவானது. ஜமாபந்தி என்னும் ஆண்டுக் கணக்குத் தணிக்கையில் எந்த ஊருக்கு எவ்வளவு தீர்வை வஜா, அதாவது நிலவரித் தள்ளுபடி, கிடைத்தது என்பதும் பதிவானது. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. அந்தப் பசலியில் ஓர் ஊரின் சாவிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், தாதுப் பஞ்சம் அந்த ஊரில் எந்த வயலில் நுழைந்தது என்று தெரியும். குடியானவர் வஜாவுக்காகக் கூட்டிச் சொல்வார், அதிகாரி வசூலுக்காகக் குறைத்து எழுதுவார் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் அளவிட்ட மழையோடு ஒப்பிட வேண்டும். சென்னை வானாய்வுக்கூடத்தில் 1796 முதல் வானிலைப் பதிவு உண்டு. இரண்டும் கிடைக்கும் ஆண்டுகளில் எழுத்தை எண்ணோடு பொருத்தி, கடும் வறட்சி தொடங்கிப் பெருவெள்ளம் வரை படிகள் வகுத்துக்கொண்டு, கருவி இல்லாத காலத்துக்குப் பின்னோக்கிப் போகலாம். ஒரே எச்சரிக்கை: தஞ்சை வயலின் விளைச்சல் குடகு மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழையையும் காட்டும், அதை உள்ளூர் மழை என்று எழுதிவிடக் கூடாது.

இந்த ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்! ஏரி எவ்வளவு கொள்ள வேண்டும், பயிர்க் காப்பீட்டுக்கு எந்த ஆண்டை வறட்சி என்று கொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் முப்பது ஆண்டுப் புள்ளிவிவரத்தையே நம்பியிருக்கிறோம். முந்நூறு ஆண்டுக் கணக்கு கறையானுக்குப் போகிறது. ஓர் அலுவலகத்தில் பழைய பசலிக் கட்டுகளை எடைக்குப் போட்டதை நானே பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது முதல் வரிசைக்கு வேண்டாம்.

ஆகவே இந்த அவையில் ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். பழைய பசலிக் கணக்கு எதையும் படியெடுக்காமல் அழிக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுப்போம். வட்டாட்சியர் ஐயா முதல் கையெழுத்திட்டால் மனுவுக்கு எடை கூடும். கணக்குப்பிள்ளை வாரிசுகள் வீட்டுப் பரணில் இருப்பதைத் துடைக்காமல், பிரிக்காமல், நூல் அறுக்காமல் நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஊர்ப் பெயரையும் பசலி எண்ணையும் மேலே ஒரு தாளில் எழுதிச் செருகுங்கள். படமெடுத்துவிட்டுக் கட்டை உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறோம்.