ஊரில் வேலை இருந்தும் ஏன் கப்பலேறுகிறார்கள்?

அடுத்த கேள்வி. "பிலிப்பைன்ஸில் ஆசிரியைக்குப் படித்த பெண்கள்கூட ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறார்களே, அவர்கள் ஊரில் வேலையே கிடையாதா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேலை இருக்கிறது. நிலைப்பதில்லை, அதுதான் தொல்லை. அந்நாட்டுச் சட்டப்படி, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தைத் தாண்டியும் வேலையில் இருப்பவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிவிடுவார். அதனால் பல கடைகளும் ஆலைகளும் ஐந்தாம் மாதமே கணக்கை முடித்து அனுப்பிவிடுகின்றன. பிறகு வேறொரு கடை, மறுபடியும் ஐந்து மாதம். ஒப்பந்தம் முடிந்தது என்பதற்கான ஆங்கிலத் தொடரை ('எண்ட் ஆஃப் காண்ட்ராக்ட்') சுருக்கி, 'எண்டோ' என்று இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். 2024 ஜூலையில் மணிலாவில் குறைந்தபட்ச நாள் கூலி 645 பெசோ ஆனது. மாதம் 26 நாள் உழைத்தால் 16,770 பெசோ. வாடகை, அரிசி, பஸ் எல்லாம் அதற்குள்தான். மணிலாவைத் தாண்டினால் கூலி இன்னும் குறைவு. அதே ஆண்டு ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளரின் குறைந்தபட்சச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர். ஏறக்குறைய 36,000 பெசோ. தங்க இடமும் சாப்பாடும் வேலை கொடுப்பவர் பொறுப்பு. இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

அரசையும் சும்மா விட முடியாது. எண்ணெய் விலை ஏறி நாடு திணறிய 1974-இல், அன்றைய அதிபர் மார்கோஸ் ஆட்சியின் தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசின் அலுவலாகவே ஆக்கியது. அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு; ஆனால் 2021-இல் அதற்கென்று தனி அமைச்சகத்துக்கே சட்டம் போட்டார்கள். 2023-இல் வெளிநாட்டிலிருந்து ரொக்கமாக வந்த பணம் மட்டும் 3,300 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பணம் வந்து விழும்போது உள்ளூரில் நல்ல வேலையை உருவாக்க யாருக்கு அவசரம்? என் ஆத்திரம் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதிக்குப் போனால், இந்தப் பெண்கள் நடைபாதையில் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சிலர் ஊருக்கு அனுப்ப 'பாலிக்பாயன்' பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, பிள்ளைக்குக் காலணி. ஒப்பந்தமோ இரண்டு ஆண்டு. கால் அளவைப் போனில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டி கப்பலில் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும் என்பதால், சொன்ன அளவுக்கு ஒன்று கூட்டி வாங்குவதுதான் நல்லது.