படிப்பிக்கிறவர் ஊரிலே நிற்க வேண்டுமென்றால்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கனடாவின் வடக்கே, பாஃபின் தீவின் கரையோரம் இருக்கும் ஒரு சின்ன ஊரில் நான் இரண்டு வருடம் ஆசிரியையாக வேலை செய்தேன். போய்ச் சேர்ந்த முதல் கிழமையே நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து கேட்டது: "டீச்சர், நீங்கள் எப்போது திரும்பிப் போவீர்கள்?" பெட்டியை நான் இன்னும் முழுதாகப் பிரித்துக்கூட வைக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்கு வந்து வாய்த்த ஆசிரியர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறிப் போவதைப் பார்த்தே அது வளர்ந்திருந்தது. கோபமாகக் கேட்கவில்லை. மழை எப்போது வரும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டது. நானும் இரண்டு வருடத்தில் விமானம் ஏறினேன். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

பழங்குடி மக்களுக்குள்ளிருந்தே ஆசிரியர்களை உருவாக்கவும், அவர்களைப் பள்ளிக்கூடத்தில் நிலைக்க வைக்கவும் செலவாகும் பணத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். உருவாக்குவதற்கு ஓரளவு பணம் கிடைக்கிறது. நிலைக்க வைப்பதற்குக் கிடைப்பதில்லை.

நான் இருந்த இடம் நுனாவுட். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி உருவான ஆட்சிப்பகுதி. கனடாவின் ஐந்தில் ஒரு பங்கு நிலம்; சனத்தொகை ஏறக்குறைய நாற்பதாயிரம்தான். அதில் ஏறக்குறைய 85 சதவீதம் இனுவிட் என்ற பழங்குடி மக்கள். 25 ஊர்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் தெருவே கிடையாது. போக வர விமானம்தான்.

அவர்கள் மொழி இனுக்டிடுட். ஆசிரியருக்கு அந்த மொழியில் 'இலின்னியாக்டிட்சியி' என்று பெயர். 'இலின்னியாக்' என்றால் படி. நடுவில் வரும் 'டிட்சி' செய்ய வைப்பதைக் குறிக்கும். கடைசி 'யி' அதைச் செய்கிற ஆள். படி-ப்பி-க்கிறவர்! யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்கிற அதே சொல், அதே அடுக்கு. எழுத்தும் அப்படித்தான். 'ப'வும் 'பி'யும் 'பு'வும் ஒரே வடிவம், முகம் திரும்பும் பக்கம்தான் வேறு. மெய்யெழுத்து வேண்டுமென்றால் சிறியதாக மேலே எழுதுவார்கள். எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் எங்களுக்கு உயிர் போய்விடும், அவர்களுக்கு உயிர் நீளும், குறில் நெடிலாகும். இதை எனக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர், என் வகுப்பில் துணையாக இருந்த ஒரு அக்கா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் துணையாளாகவே இருந்தவர். பிள்ளைகள் அழுதால் அவரிடம்தான் ஓடும். எந்தப் பிள்ளையின் வீட்டில் நேற்றிரவு என்ன நடந்தது, யாருடைய தாத்தா வேட்டைக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சம்பளமோ எனக்குத்தான் கூட.

நுனாவுட்டில் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்று 1979ஆம் ஆண்டிலிருந்தே நடக்கிறது, அதாவது நுனாவுட் பிறப்பதற்கு முன்பிருந்தே. முதலில் மக்கில் பல்கலைக்கழகத்தோடும், 2007க்குப் பிறகு ரெஜைனா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து பட்டம் கொடுத்தார்கள். பெரிய விஷயம் என்னவென்றால், தலைநகர் இக்காலுவிட்டுக்கு எல்லோரையும் வரச் சொல்லாமல் ஊர்களிலேயே வகுப்பு வைத்தார்கள். நாலு பிள்ளைகளின் தாய் ஐந்து வருடம் வேறு ஊரில் போய் இருக்க முடியுமா? அக்காவின் ஊருக்கு அந்த வகுப்பு வந்தபோது அவர் சேர்ந்தார். கைக்குழந்தையை அமௌட்டி என்கிற தாய்மாரின் குளிரங்கிக்குள் முதுகில் வைத்துக்கொண்டே வந்து படித்தார். பட்டமும் எடுத்தார். ஊரே கூடிக் கொண்டாடியதாம்.

மூன்று வருடம் படிப்பித்தார். அப்புறம் அரசாங்க அலுவலகத்தில் ஒரு மேசை வேலைக்குப் போய்விட்டார்.

ஏன் என்று கேட்டேன். வீடு என்றார். நான் போய் இறங்கிய அன்றே எனக்கு இரண்டு அறை வீட்டின் சாவியைக் கையில் தந்தார்கள். தனி ஆள் நான். அவரும் ஆசிரியைதான், ஆனால் உள்ளூர் ஆள். தாயும் தங்கையும் பிள்ளைகளுமாக எட்டுப் பேர் அதே அளவு வீட்டில். பொது வீடுகளில் வருமானம் ஏறினால் வாடகையும் ஏறும். ஆசிரியையானதும் அவருக்கு வாடகைதான் ஏறியது, இடம் ஏறவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையல் மேசையில் இருந்து மறுநாள் பாடத்துக்கு இனுக்டிடுட்டில் தாள் தயாரிப்பார், ஏனென்றால் எனக்கு ஆங்கிலத்தில் அச்சடித்து வந்த புத்தகம் அவர் மொழியில் இல்லை. ஒரே சம்பளத்துக்கு இரண்டு பேருடைய வேலை. மேசை வேலையில் ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டலாம்.

இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு இனுவிட் பட்டதாரி கிடைத்தால் எல்லா அலுவலகங்களும் கேட்கும். ஆசிரியர் பயிற்சித் திட்டம் அரசாங்கத்துக்கே ஆள் எடுக்கும் வாசலாகிவிடுகிறது. அப்படிப் போகிற ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் யார்?

நீதிபதியாக இருந்த தோமஸ் பேர்கர் 2006ஆம் ஆண்டு மார்ச்சில் நுனாவுட் பற்றிக் கொடுத்த அறிக்கையில் பள்ளிக்கூடங்களின் நிலைமை இருக்கிறது. இனுவிட் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர்தான் உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறார்கள் என்றார். முதல் மூன்று நாலு வகுப்பு தாய்மொழியில், பிறகு திடீரென்று ஆங்கிலத்தில். இரண்டிலும் பிள்ளை உறுதியாக நிற்பதில்லை. இதற்கு இருமொழி ஆசிரியர்கள் வேண்டும், அதற்கு மத்திய அரசு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்றும் கேட்டார். கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இனுவிட் மக்களின் அமைப்பு மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டது. 2015இல் 255.5 மில்லியன் டொலருக்குச் சமரசம் ஆனது. அதில் 175 மில்லியன் பயிற்சிக்கென்று போனது. கேட்ட பணம் வந்துசேர ஒன்பது வருடம். அதற்குள் 2006இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும், அல்லது நின்றிருக்கும்.

2008இல் வந்த நுனாவுட் கல்விச் சட்டம் 2019-20க்குள் எல்லா வகுப்பிலும் இருமொழிக் கல்வி என்று எழுதியது. ஆள் இல்லை. 2020இல் சட்டத்தைத் திருத்தி, மொழிப் பாடத்தை 2039 வரை படிப்படியாகக் கொண்டுவரலாம் என்று தள்ளி வைத்தார்கள். அடுத்த ஆண்டே இனுவிட் அமைப்பு திரும்பவும் நீதிமன்றம் போனது.

சரி, நன்றாக நடந்த திட்டம் ஒன்றுமே இல்லையா? இருந்தது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடக்கில், லா ரோஞ்ச் என்ற ஊரில், எழுபதுகளின் நடுவில் நோர்டெப் என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. க்ரீ, டெனே, மேத்தி என்ற பழங்குடி மக்களை அவர்கள் பகுதியிலேயே வைத்து ஆசிரியர்களாகப் பயிற்றியது. படிப்புச் செலவோடு குடும்பச் செலவுக்கும் கை கொடுத்தது. படித்தவர்கள் வடக்கிலேயே நின்றார்கள். நாற்பது வருடம் நடந்தது. 2016இல் மாகாண அரசு அதற்கான பண ஒப்பந்தத்தை நீட்டவில்லை. 2017இல் வேறு கல்லூரியின் கீழ் கொண்டுபோய்விட்டார்கள். நன்றாக ஓடிய ஒன்றையும் ஒப்பந்தம் முடிந்தது என்று நிறுத்த முடிகிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

ஆகவே பணம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய அறிவிப்புகளை அல்ல. உள்ளூர் ஆசிரியருக்கும் வீட்டுச் சாவி. பயிற்சி வகுப்புக்குப் பக்கத்திலேயே பிள்ளை பராமரிப்பு. தாய்மொழியில் பாடம் எழுதுகிற நேரத்துக்குச் சம்பளம். பதினொரு வருடம் துணையாளாக இருந்தவருக்கு அந்த அனுபவத்தைப் படிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்வது. மூன்று வருட ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தின் வழக்கமான செலவுக் கணக்கிலேயே இதையெல்லாம் எழுதி வைப்பது.

போன மாசி மாதம் அக்கா தொலைபேசியில் பேசினார். இன்னும் அலுவலகத்தில்தான். அவருடைய மூத்த மகள் இப்போது பள்ளியில் துணையாளாக இருக்கிறாளாம், ஆசிரியர் வகுப்பு ஊருக்கு வந்தால் சேரலாம் என்று காத்திருக்கிறாள். எப்போது வரும் என்று கேட்டேன். பணம் வந்தால் என்றார்.