ஹாங்காங்: காலம் கடந்து வந்த ஓட்டுரிமை

நண்பர்களே,

1983 ஜூலை. ஹாங்காங் அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. அதன் எதிர்காலம் பற்றிச் சீனாவுடன் நடக்கும் பேச்சுவார்த்தைக்கு ஆளுநர் எட்வர்ட் யூட் கிளம்புகிறார். ஹாங்காங் மக்களின் பிரதிநிதியாகப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொல்கிறார். பெய்ஜிங் உடனே மறுக்கிறது: அவர் பிரிட்டிஷ் குழுவில் ஒருவர், அவ்வளவுதான்.

50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் எதிர்காலம் பற்றிய பேச்சு அது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட அங்கே இல்லை. சட்டமன்றம் என்று ஒன்று இருந்தது. அதில் ஓர் இடத்துக்கும் தேர்தல் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-லேயே, ஆளுநர் மார்க் யங் ஒரு திட்டம் வைத்தார். மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களை அனுப்பும் நகராட்சி மன்றம் ஒன்று வேண்டும் என்றார். அடுத்து வந்த ஆளுநர் கிரந்தாமுக்கு அதில் நாட்டமில்லை. ஊர்ப் பெரும்புள்ளிகளும் விரும்பவில்லை. 1952-இல் திட்டம் கைவிடப்பட்டது. சீனா எதிர்த்தது என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான், ஹாங்காங்குக்குத் தன்னாட்சி கொடுத்தால் அதைப் பகையாகவே எடுத்துக்கொள்வோம் என்று சீனப் பிரதமர் சூ என்லாய் சொல்லி அனுப்பினார். ஆனால் அது 1958-இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் கைவிட்டுவிட்டது.

அப்புறம் 1984. 1997-இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பது உறுதியான பிறகுதான் பிரதிநிதித்துவ ஆட்சி பற்றி அரசின் அறிக்கை வருகிறது. 1985-இல் தொழில்வாரித் தொகுதிகளுக்கு, அதாவது அந்தந்தத் துறையினர் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதிகளுக்கு, 12 இடம், மாவட்டக் குழுக்களும் நகர மன்றமும் சேர்ந்து அனுப்பிய 12 இடம். நேரடித் தேர்தல்? 1987-இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 1988-லேயே வேண்டும் என்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, எதிர்த்து வந்த அச்சடித்த படிவங்களை மனுக்களாகக் கணக்கில் சேர்த்தார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம்.

1989-இல் பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்களைச் சீன ராணுவம் சுட்டுக் கொன்ற தியானன்மென் படுகொலைக்குப் பிறகு, 1991-இல் 18 இடங்களுக்கு நேரடித் தேர்தல் நடந்தது. அதில் 12 இடங்களை ஜனநாயகத்துக்காகக் குரல் கொடுத்த மார்ட்டின் லீயின் கட்சிக்கு மக்கள் கொடுத்தார்கள். ஓட்டுப் போட மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

கடைசியாக, 1992-இல் கிறிஸ் பாட்டன் ஆளுநராக வந்தார். ஓட்டு வயதை 18 ஆக்கினார், புதிய தொழில்வாரித் தொகுதிகளை உழைக்கும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஹாங்காங் விவகாரங்களைக் கவனித்த பெய்ஜிங் அதிகாரி லூ பிங் அவரை ஆயிரம் ஆண்டுக் குற்றவாளி என்றே ஏசினார். 1995-இல் நியமன உறுப்பினரே இல்லாத சட்டமன்றம் அமைந்தது. சரி, எத்தனை நாள் நீடித்தது? இரண்டு ஆண்டுகூட இல்லை. 400 பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்த இன்னொரு மன்றம், ஒப்படைப்புக்கு முன்பே ஷென்ஜெனில் கூடத் தொடங்கிவிட்டது.

பாட்டன் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை 1952-இல் தொடங்கியிருந்தால், 1983-இல் யூட் தனியாகப் போயிருக்க வேண்டியதில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கூடவே போயிருப்பார்கள்.