சம்பளச் சீட்டில் இல்லாத பேர்கள்

நண்பர்களே, வணக்கம்.

சுரங்கத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் ஒரே ஒரு பேர்தான் இருக்கும், சுரங்கத்தில் இறங்கும் புருஷன் பேர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1900-ஐ ஒட்டிய வருஷங்களில், ஸ்க்ராண்டன், ஹேசல்டன், ஷெனாண்டோவா போன்ற நிலக்கரி ஊர்களுக்குக் கப்பலேறி வந்த ஸ்லோவாக்கியர், போலந்துக்காரர், லித்துவேனியர் குடும்பங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்த ஒற்றைப் பேருக்கு வந்த சம்பளத்தில் பெரும்பாலான குடும்பங்கள் பிழைத்திருக்கவே முடியாது. பிழைக்க வைத்தவர்கள் சீட்டில் பேர் இல்லாதவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் அந்தச் சம்பளம் எங்கே போயிற்று என்று பார்த்துவிடுவோம். கப்பலை விட்டு இறங்கினவர் உடனே சுரங்கக்காரர் ஆகிவிட முடியாது. இரண்டு வருஷம் கீழே கூலியாக வேலை செய்திருக்க வேண்டும். அப்புறம் தேர்வாளர்கள் முன்னால் 12 கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டமே அப்படி. அதுவரைக்கும், சான்றிதழ் உள்ள இன்னொருவர் வெடி வைத்து உடைத்த கரியை வண்டியில் அள்ளிப் போடுவதுதான் வேலை.

சரி, சான்றிதழும் கிடைத்துவிட்டது. இப்போது வெடிமருந்து அவர் செலவு. விளக்குக்கு எண்ணெய் அவர் செலவு. ஒரு பீப்பாய் வெடிமருந்தைக் கம்பெனி 2.75 டாலருக்கு விற்றது. 1900 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அதை 1.50-க்குக் குறைத்தார்கள். குறைத்தும் கம்பெனிக்கு நஷ்டமில்லை, ஏனென்றால் அந்த வித்தியாசத்தையே கூலி உயர்வின் ஒரு பகுதியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். வண்டியில் கல் கலந்திருக்கிறது என்று சொல்லி ஒரு பிடித்தம். வீடு கம்பெனி வீடு, அதற்கு வாடகைப் பிடித்தம். மளிகை கம்பெனிக் கடையில், அதற்கும் பிடித்தம். அந்தக் கடைக்குத் தொழிலாளர்கள் வைத்த பேர் 'என்னைப் பிடுங்கு' கடை. எல்லாம் போக, சில மாதம் சீட்டு மட்டும் வரும், காசு வராது.

அப்படியானால் அடுப்பு எப்படி எரிந்தது?

அங்கேதான் சுரங்கக்காரரின் மனைவி, அந்த வீட்டு அம்மா வருகிறார். இரண்டு மூன்று அறை வீட்டில் நாலு பேர், ஆறு பேர், சில வீடுகளில் அதற்கும் மேலே, காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிடும் ஆட்களைச் சேர்த்துக்கொள்வார். ஊரில் மனைவியை விட்டுவிட்டோ, கல்யாணமே ஆகாமலோ வந்த அதே பாஷைக்காரர்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன படுக்கையில் ராத்திரி ஷிப்டுக்காரர் வந்து விழுவார். படுக்கைக்குச் சூடு ஆறாது.

விடிவதற்கு முன்னால் எழுந்து, தெருக் குழாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி வர வேண்டும். அத்தனை பேருக்கும் சாப்பாட்டுத் தூக்கு நிரப்ப வேண்டும். சாயங்காலம் திரும்பி வருகிறவர்களுக்குக் கண்ணின் வெள்ளை மட்டும்தான் தெரியும். சமையலறை நடுவில் மரத்தொட்டி. அடுப்பில் சுட வைத்த தண்ணீரை அதில் ஊற்ற, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து கழுவுவார்கள். முதுகு தேய்க்கக் கை எட்டாது. முதுகு தேய்த்து விடுவதும் பல வீடுகளில் அந்த அம்மா வேலைதான். அந்தத் தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும். அப்புறம் கரி ஏறி விறைத்துப்போன துணிகளைக் கையால் துவைக்க வேண்டும். இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தையோடு இத்தனையும். இதை எந்தக் கம்பெனிக் கணக்குப் புத்தகமும் வேலை என்று எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த வீடே சுரங்கத்தின் இன்னொரு தளமாகத்தான் தெரிகிறது.

புருஷன் வெட்டிய கரியையே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளும் கழிவு மேடுகளில் ஏறிக் கரித்துண்டு பொறுக்கினார்கள். கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருந்த 'கோல் அண்ட் அயர்ன் போலீஸ்' அதைத் திருட்டு என்று சொல்லிப் பிடித்தது.

அப்புறம் பையன்கள். பிரேக்கர் என்றால் கரியை உடைத்துச் சலிக்கும் பெரிய கட்டடம். சரிவுத் தொட்டியில் கரி ஓடி வரும். அதன் குறுக்கே பலகையில் பையன்கள் குனிந்து உட்கார்ந்து, கல்லை மட்டும் பொறுக்கி எறிய வேண்டும். சட்டப்படி 12 வயது ஆகியிருக்க வேண்டும், 1903-இல் அதை 14 ஆக்கினார்கள். ஆனால் வயதுக்கு அப்பா கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் சாட்சி. ஒன்பது வயதுப் பையனுக்கும் அந்தக் கையெழுத்து கிடைத்தது. அந்த அப்பாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கையுறை போட்டால் கல் எது கரி எது என்று விரலுக்குத் தெரியாது என்று, கையுறைக்கு அனுமதி கிடையாது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் சில வாரங்களில் விரல் நுனிகள் வீங்கி, வெடித்து, ரத்தம் கசியும். ராத்திரி அம்மா வாத்துக் கொழுப்பைத் தடவி விடுவார். காலையில் மறுபடி அதே தொட்டி. 1911 ஜனவரியில் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன், பிட்ஸ்டன் ஊர்ப் பக்கம் ஒரு பிரேக்கரில் எடுத்த படங்கள் இருக்கின்றன. தூசிக்கு நடுவே வரிசை வரிசையாகக் குனிந்த முதுகுகள். அவசியம் பாருங்கள்.

கீழே விபத்து நடந்தால் ஒரு கறுப்பு வண்டி தெருவுக்குள் வரும். எந்த வாசலில் நிற்கிறது என்று எல்லா வீட்டுப் பெண்களும் வெளியே வந்து பார்ப்பார்கள். தன் வீட்டைத் தாண்டிப் போனால் மூச்சு வரும், உடனே பக்கத்து வீட்டை நினைத்து மனசு உறுத்தும். பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1916-இல். அதற்கு முன்னால், வழக்குப் போட்டு ஜெயித்தால் ஒழிய, இப்படிச் செத்தவரின் மனைவிக்குக் கம்பெனி ஒரு சென்ட்கூடத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் இவர்கள் மாதாமாதம் காசு போட்டுத் தங்களுக்குள்ளேயே சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள். ஸ்லோவாக்கியர்களின் 'யெட்னோட்டா' 1890-இல் தொடங்கியது. சவ அடக்கச் செலவும், விதவைக்குக் கையில் கொஞ்சம் பணமும் அந்தச் சங்கங்களிலிருந்துதான் வந்தன.

1902 மே 12-ஆம் தேதி ஏறக்குறைய 1,47,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபர் 23 வரைக்கும் நீடித்தது. ஐந்து மாதத்துக்கு மேல் சம்பளமே இல்லாமல் வீடு நடத்தியது யார் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தலையிட்டு ஓர் ஆணையத்தை அமைத்தார். அடுத்த வருஷம் தீர்ப்பு வந்தது: கூலி 10 சதவீதம் உயர்வு, பலருக்குப் பத்து மணி நேர வேலை ஒன்பதாகக் குறைவு. தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை.

தொழிலாளர்கள் பக்கம் வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ. அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொல்ல வந்தவர்களில் 12 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்தில் செத்துப்போனவர். பையன் பிரேக்கரில் வேலை செய்தான், நாள் கூலி 40 சென்ட். அந்தக் கூலி அவன் கைக்கு வரவில்லை. அம்மா அந்தக் கம்பெனிக்கு வாடகை பாக்கி, கரி பாக்கி என்று 88 டாலர் சொச்சம் கொடுக்க வேண்டியிருந்தது. பையனின் கூலியைக் கம்பெனி அந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 40 சென்ட் என்றால், 88 டாலருக்கு 220 நாள். அந்த 220 நாளும் அவனும் அம்மாவும் குடியிருந்தாக வேண்டும், அடுப்பும் எரிந்தாக வேண்டும். அதற்கான வாடகையும் கரியும் அதே கணக்கில் மறுபடியும் பற்று ஏறும்.