புறங்கைத் தேனும் ஊர்க்கணக்கும்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி ஒன்றியத்தின் முன்னாள் உறுப்பினர்களே, தலைமையாசிரியர் அவர்களே, இந்நூலகத்தைப் பேணிவரும் வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, வேலை முடித்த கையோடு வந்து பின்வரிசையில் நிற்கும் நூறு நாள் வேலைத் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. அந்தக் கையை ஊரார் காண நீட்டவைப்பதே குடியாட்சியின் வேலை. அதற்குத் தேர்தல், நீதிமன்றம், கணக்குக் கேட்கும் உரிமை என மூன்று வழிகள் உண்டு. 1975இல் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியைச் செல்லாதென்ற அலகாபாத் உயர் நீதிமன்றமும், 1977இல் அவரைத் தோற்கடித்த ரேபரேலி வாக்காளர்களும் முதலிரண்டுக்குச் சான்று. நான் பேச வந்தது மூன்றாவதைப் பற்றி.

1994 டிசம்பரில், ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற சிற்றூரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு ஊரைக் கூட்டியது. வறட்சி நிவாரணப் பணிகளின் வருகைப்பதிவேட்டையும் ரசீதுகளையும் உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள், தாய்மார்களே! தாம் போகாத வேலைக்குத் தம் பெயரில் கூலி எழுதியிருப்பதை மக்கள் தம் காதால் கேட்டார்கள். அரைகுறையாய் நின்ற கட்டடம் ஏட்டில் கட்டிமுடிந்திருந்தது. அடுத்தடுத்த ஊர்களில் நடந்த விசாரணைகளில் இறந்தவர்களும் கூலி வாங்கியதாகப் பதிவு இருந்தது. புறங்கையை நக்கியவர்கள் ஊர் நடுவே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அந்த முழக்கம் 1996இல் பியாவர் நகரத் தெருவில் நாற்பது நாள் தர்ணாவாய் அமர்ந்து, 2005இல் நாட்டுக்கே தகவல் உரிமைச் சட்டமாயிற்று.

கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் பொறுப்புக்கு வரலாகாதென்று உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டிலேயே விதித்தது. நிலமுடையோர்க்கு மட்டுமே அங்கே இடமிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இன்று கிராம சபை எல்லா வாக்காளருக்கும் உரியது. ஆனால் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தும், தமிழ்நாட்டின் 27 மாவட்டங்கள் 2019 டிசம்பர் வரை தேர்தலுக்குக் காத்திருந்தன. அதுவரை ஊராட்சியை நடத்த அரசு அமர்த்திய, மக்கள் தேர்ந்தெடுக்காத தனி அலுவலரின் புறங்கையை யார் பார்ப்பது?

எனவே, உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தவும், ஒவ்வொரு கிராம சபையிலும் வரவு செலவை வரிவரியாக வாசிக்கவும் கோரும் மனு மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்; கைநாட்டு வைப்போருக்கு முழுமையாக வாசித்துக்காட்ட நண்பர்கள் காத்திருக்கிறார்கள்.