பாங்காக்கில் சுண்டைக்காய் கால் பணம்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் மங்கலாகத் தெரிவது சேர்வராயன் மலை.

காலையில் அம்மாவோடு சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போனேன். விலைப்பலகையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே நின்றேன். "என்னடா, பரீட்சை ரிசல்ட் மாதிரி பாக்கற?" என்றார் அம்மா. பாங்காக்கில் ஒரு விலை அட்டையைப் படிக்கத் தெரியாமல் நான் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

விஷயத்துக்கு வருகிறேன்: பாங்காக்கில் நம்ம ஊர்ச் சமையலுக்குச் சாமான் வாங்குவது எப்படி? அடுத்த மாதம் பாங்காக்குக்கு வேலைக்குப் போகிற நம்ம ஊர் தம்பி ஒருவன் நேற்று போன் செய்தான். "அண்ணா, பத்து கிலோ பொன்னி அரிசி கட்டிக்கிட்டு வரட்டுமா?" வேண்டாம் தம்பி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது உன் மாதிரி ஆளுக்காகச் சொன்னதுதான். அரிசி விளைகிற நாட்டுக்கு அரிசி சுமந்துகொண்டு போவார்களா?

சிரிக்கிறேனே தவிர, பாங்காக் போன முதல் மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். சுகும்வித் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் போகிற பளபளப்பான கடை ஒன்றில் நுழைந்து, சேலத்தில் வாங்குகிற அதே பொருட்களைத் தேடித் தேடி எடுத்தேன். ஒரு பாத் நம் காசுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு பாக்கெட்டையும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு, கடைசியில் பிரெட் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் பிரெட்தான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் க்லோங் தோய் சந்தைக்குப் போனேன். பாங்காக்கின் பெரிய சந்தை. நம் சேலத்து லீ பஜாரையும் மீன் மார்க்கெட்டையும் சேர்த்துக் கலக்கி, மேலே தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். தரை முழுக்க ஈரம், தள்ளுவண்டிக்காரர்கள் பின்னாலிருந்து கத்துவார்கள், ஒரு பக்கம் உயிரோடு தவளை. சைவக்காரர்கள் அந்த வரிசையை வேகமாகக் கடந்துவிடுங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும்.

அங்கே ஒரு அம்மா முன்னால் பச்சைப் பட்டாணி மாதிரி ஏதோ கொத்துக் கொத்தாகக் குவிந்திருந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பொடி விதை, அதே கசப்பு வாசம். சுண்டைக்காய்! மக்களே, பாங்காக் சந்தையில் பச்சைச் சுண்டைக்காய் கூடை கூடையாக இருக்கிறது. அவர்கள் ஊர் பச்சைக் குழம்பில் அதைத்தான் போடுகிறார்கள், பெயர் மக்குவா புவாங். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. நம் பொருள் அங்கே இல்லாமல் இல்லை, நாம் கேட்கிற பேர்தான் தப்பு.

சின்ன வெங்காயம் ஹோம் தேங். புளி மகாம் பியக், கொட்டை எடுத்ததே கிடைக்கும். முருங்கைக்காய்க்கு மரும், வாழைப்பூவுக்கு ஹுவா ப்ளீ. கோவைக்கொடியின் இலையைத் தம்லுங் என்று கீரையாக விற்கிறார்கள், பொரியல் செய்து பாருங்கள். தேங்காய்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடைக்காரர் மெஷினில் துருவிக் கையில் கொடுத்துவிடுவார், பால் வேண்டுமென்றால் அங்கேயே பிழிந்தும் தருவார். இங்கே அம்மா இன்னும் அரிவாள்மனையோடு மல்லுக்கட்டுகிறார்.

பச்சை மிளகாயில்தான் ஏமாந்தேன். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், என் அவசரம். அட்டையில் 15 என்று இருந்தது, பக்கத்தில் பொடியாக ஏதோ எழுத்து. கிலோ 15 பாத் தானா, அள்ளு என்று அரைக் கிலோ கட்டச் சொன்னேன். 75 பாத் கேட்டார். அந்தப் பொடி எழுத்து 'கீட்'. ஒரு கீட் என்றால் 100 கிராம். மிளகாய், பூண்டு மாதிரி சில்லறைச் சாமான்களுக்குச் சில கடைகளில் இப்படித்தான் விலை போடுகிறார்கள். ஆகவே முதலில் "கிலோ லா தாவ் ராய்", கிலோ எவ்வளவு, என்று கேட்டுவிடுங்கள். பதில் புரியாவிட்டால் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவார்கள். அரைக் கிலோ ஊசி மிளகாயை ஒற்றை ஆள் என்ன செய்வான்? மோர் மிளகாய் போட்டேன்.

அதற்கு மோர் வேண்டுமே. அது இன்னொரு கூத்து. பக்கத்துக் கடையில் தயிர் டப்பா வாங்கி, சாதம் பிசைந்து, கடுகு தாளித்து, முதல் வாய் வைத்தால் பாயசம். அந்த ஊரில் சாதாரணத் தயிர் என்று போட்டிருப்பதிலும் பல நேரம் சர்க்கரை இருக்கும். டப்பாவைக் காட்டி "மாய் மீ நாம் தான்", சர்க்கரை இல்லையே, என்று கேட்டு வாங்குங்கள். ஒரு டப்பா நல்லதாகக் கிடைத்துவிட்டால் அதில் உறை எடுத்து வீட்டிலேயே பாலில் குத்திவிடலாம்.

அரிசிக்கு வருகிறேன். மல்லி அரிசி என்று எல்லோரும் கொண்டாடுகிற அந்த வாசனை அரிசி, குழம்புக்குக் குழைந்துவிடும். 'சாவ் ஹாய்' என்று கேளுங்கள். உதிரி உதிரியாக நிற்கும், விலையும் பெரும்பாலும் வாசனை அரிசியைவிடக் குறைவு. என் சாம்பார் சாதம் அதில்தான் பிழைத்தது. உளுந்து, துவரம்பருப்பு, கறிவேப்பிலைக்கு மட்டும் பாஹுரத் போங்கள், அதுதான் அங்கே இந்தியக் கடைத்தெரு. சாம் யோட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரம். மாதம் ஒரு தடவை போதும். டாக்சியில் போனால் மறுபடியும் அந்தச் சுமைகூலிக் கதைதான்.

சூப்பர் மார்க்கெட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெய், முட்டை, பால் எல்லாம் பிக் சி, லோட்டஸ் மாதிரி இடங்களில் நியாயமாகவே இருக்கும். ராத்திரி கடை மூடுகிற நேரத்துக்குப் போனால் காய், பழத்தின் மேல் விலை குறைத்த ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

இன்னொன்று. சேலத்துக்காரன் அங்கே போய் மரவள்ளி மாவு பாக்கெட்டைப் பார்த்தால் லேசாகப் பொறாமை வரும். உலகத்துக்கே மரவள்ளி அனுப்புகிற நாடு அது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலேயா பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால்தான் நம் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்கிற தொழில் பிடித்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே வாங்கிய ஜவ்வரிசியில் பால்கனியில் வடாம் போட்டேன். நன்றாகவே வந்தது. இதை இங்கே சத்தமாகச் சொல்லக் கூடாது.

சரி தம்பி, நீ எடுத்துப் போக வேண்டியது இவ்வளவுதான்: வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, பெருங்காயம், ஒரு குட்டி இட்லித் தட்டு. மாவுக்கு அந்த ஊர் வெயில் போதும், சீக்கிரம் பொங்கிவிடும்.

இருங்கள், கீழே அம்மா கூப்பிடுகிறார். என் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டாராம். நான் காலையில் பார்த்தபோது 14 கிலோ. இப்போது 19 என்கிறார். உள்ளே என்ன போனது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.