டன்ஜன் மாஸ்டர் கதாசிரியர் அல்ல, நடுவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கடைசி வரிசையில் பகடைப் பையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்கள், விளையாட்டுக்கு அறிஞர்கள் வகுத்த இலக்கணத்துக்குள் அடங்குமா, அடங்காதா என்பது இன்றைய தலைப்பு. அடங்கும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். நடத்துபவர் நினைத்தபடி விதியை மாற்றுகிறார். வெற்றி தோல்வி கிடையாது. முடிவும் கிடையாது. ஆகவே இது கூடி உட்கார்ந்து சொல்லும் கதைதானாம். போதாக்குறைக்கு வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். ‘அரங்கின்றி வட்டாடியற்றே’, கட்டம் வரையாமல் காய் உருட்டுவது போல, என்று சொன்னது இவர்களைத்தான் என்றார். கைத்தட்டலும் வாங்கிக்கொண்டு போனார்.

ஐயா, குறளை மேற்கோள் காட்டிய தலைவர், இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசை ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். அங்கே முதலில் விரிப்பதே கட்டம் போட்ட தாள்தான். டன்ஜன் என்றால் நிலவறை; பழைய நிலவறை வரைபடங்களில் ஒரு கட்டம் பெரும்பாலும் பத்து அடி. உருட்டுவதற்கு நாலு முகப் பகடை முதல் இருபது முகப் பகடை வரை வரிசையாக இருக்கிறது. வள்ளுவர் கேட்டதற்கு மேலேயே வைத்திருக்கிறார்கள்!

ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி, இப்படி. இன்னொருவர் டன்ஜன் மாஸ்டர். உலகம் எப்படி இருக்கிறது, அதில் என்ன நடக்கிறது என்று சொல்பவர் அவர். “கதவைத் திறக்கப் பார்க்கிறேன்” என்று நீங்கள் சொல்வீர்கள். திறக்குமா திறக்காதா என்ற கேள்வி எழும் இடத்தில் பகடை பேசும்.

எதிரணியின் பெரிய சாட்சி டென்மார்க் ஆய்வாளர் யெஸ்பர் யூல். 2005-ல் வந்த ‘ஹாஃப்-ரியல்’ நூலில் அவர் விளையாட்டுக்கு ஆறு அம்சம் சொன்னார். விதி வேண்டும். அளந்து சொல்லக்கூடிய, முன்கூட்டியே தெரியாத முடிவு வேண்டும். அந்த முடிவுகளில் இது நல்லது, இது கெட்டது என்ற வேறுபாடு வேண்டும். ஆடுபவர் முயற்சி செய்ய வேண்டும், முடிவில் மனம் வைக்க வேண்டும், வெளி வாழ்க்கைக்கு விளைவு வருமா வராதா என்பது பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். மேசை ரோல்பிளே ஆட்டம் இதில் எங்கே இடிக்கிறது என்றார்? முதல் அம்சத்தில். மனிதர் ஒருவர் நடத்துவதால் விதி விவாதத்துக்கு அப்பாற்பட்டு உறுதியாக நிற்கவில்லை என்று சொல்லி எல்லைக்கோட்டில் நிறுத்திவைத்தார். வாசலில் நிறுத்தினாரே தவிர வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவில்லை. இந்தச் சின்ன வேறுபாட்டை எதிரணித் தலைவர் வசதியாக விழுங்கிவிட்டார்.

ஆகவே விதி பற்றிய குற்றச்சாட்டைத்தான் நான் நன்றாகப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். டன்ஜன் மாஸ்டர் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. 1824-ல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர் ஆட்டத்தை வெளியிட்டார். 1:8000 அளவில் நிலப்படம். இரு தரப்புக்கும் களம் முழுவதும் தெரியாது. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பகடை உருட்டி, பட்டியல் பார்த்து, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொல்வார். பட்டியல்கள் பெருகி ஆட்டம் நத்தையாக ஊர்ந்தபோது, 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யப் படைத்தலைவர் பட்டியலை ஓரங்கட்டினார். போர் தெரிந்த நடுவர் ஒருவர் இருந்தால் அவர் தீர்ப்பே போதும் என்றார். எழுதிய விதி போய்விட்டது, ஆகவே இனி இது விளையாட்டல்ல, கதாகாலட்சேபம் என்று அந்தப் படையில் யாராவது எழுந்து சொன்னார்களா?

அந்த நடுவர் முறைதான் கடல் தாண்டி அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்தது. 1969-ல் அங்கே டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு போர் ஆட்டம் நடத்தினார். படைகளை மட்டும் பிரித்துக் கொடுக்காமல், ஊர் மேயர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு பாத்திரமும் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் உட்கார்ந்தவர் டேவ் ஆர்ன்சன். பிறகு அவர் ‘பிளாக்மூர்’ என்று தன் சொந்த உலகத்தைத் தொடங்கினார். அவரும் விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் கொண்டுவந்த 3 சிறு புத்தகங்கள்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதல் அச்சு 1000 பிரதி. அட்டையில் ‘ரோல்பிளேயிங்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. போர் ஆட்டத்துக்கான விதிகள் என்றுதான் போட்டிருக்கிறது. ஆகவே டன்ஜன் மாஸ்டரின் நாற்காலி கதை சொல்லியிடமிருந்து வந்ததல்ல. போர் ஆட்ட நடுவரிடமிருந்து வந்தது.

நடுவர் இருக்கும் இடத்தில் விவேகம் இருக்கும், விவேகம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நெகிழ்வும் இருக்கும். நடுவர் அவர்களே, உங்களையே எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். உங்கள் கையில் மதிப்பெண் பட்டியல் இல்லை. ஒருவருக்கு ஏழு நிமிடம் தருகிறீர்கள், நகைச்சுவை நன்றாக இருந்தால் மணியடிக்க மறந்துவிடுகிறீர்கள். எதிரணித் தலைவருக்கு மறந்தீர்களே, நான் கடிகாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்! அதற்காக இது போட்டியே இல்லை, நீங்கள் நடுவரே இல்லை என்று நான் சொல்ல முடியுமா? சொன்னால் தீர்ப்பு என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

சரி, அந்த நெகிழ்வுக்குக் கட்டுப்பாடே இல்லையா? 2010-ல் வந்த ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தைப் பாருங்கள். ஆடுபவர் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டித் தன் பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டுகிறார். 10-ம் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருக்கும். 6-ம் அதற்குக் கீழும் என்றால் ஆட்டத்தை நடத்துபவர் கை ஓங்கும். அந்த நடத்துபவர் பகடையையே தொடுவதில்லை. அவர் எப்போது குறுக்கிடலாம், குறுக்கிட்டு என்னென்ன செய்யலாம் என்பது புத்தகத்தில் விதியாகவே எழுதியிருக்கிறது. நடத்துபவரையே விதிக்குள் உட்காரவைத்த பிறகும் ‘நினைத்தபடி மாற்றுகிறார்’ என்று பேசினால் எப்படி?

அடுத்து வெற்றி தோல்வி. 2014-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டை எதிரணியில் ஒருவர் நீட்டிக் காட்டினார். இதில் வெற்றி தோல்வி கிடையாது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் பாருங்கள் என்றார். அதே வாக்கியத்தின் வாலை அவர் படிக்கவில்லை. வழக்கமாக நாம் புரிந்துகொள்ளும் பொருளில் கிடையாது என்று அங்கேயே இருக்கிறது.

1975-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ‘ஆரிஜின்ஸ்’ ஆட்ட விழா முதன்முதலாக நடந்தது. அங்கே நடக்கும் போட்டிக்கென்றே கைகாக்ஸ் ஒரு நிலவறை எழுதினார். ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்று 1978-ல் அது புத்தகமாகவும் வந்தது. உள்ளே போனால் சுவரில் வாயைப் பிளந்தபடி பச்சைப் பிசாசு முகம் ஒன்று இருக்கும். வாய்க்குள் ஒரே இருட்டு. வழி போலிருக்கிறது என்று யாராவது உள்ளே நுழைந்தால் எலும்புகூட மிஞ்சாது, ஆள் அந்தக் கணமே இல்லை. அந்தப் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இது தோல்வி இல்லையென்றால் தோல்வி என்பது வேறென்ன?

1980-ல் வந்த ‘தி ஹிடன் ஷ்ரைன் ஆஃப் டமோவாசான்’ என்ற நிலவறைப் புத்தகம் இன்னும் வெளிப்படை. அதன் வரிசை எண் சி1, அந்த ‘சி’ போட்டியைக் குறிக்கிறது. 1979 ஆரிஜின்ஸ் போட்டியில் ஆடப்பட்டது. அணிகளுக்கு மதிப்பெண் போடும் முறையும் புத்தகத்திலேயே இருக்கிறது. இனி நான் கேட்பது: அதே நிலவறையை, அதே விதியில், அதே பகடையோடு, மதிப்பெண் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு வீட்டு மேசையில் ஆடினால், இலக்கணப்படி விளையாட்டாக இருந்தது பக்கம் கிழிந்த அந்த நொடியில் கதையாக மாறிவிடுமா? பொறியில் விழுந்தால் அங்கேயும் சாவுதான், இங்கேயும் சாவுதான்.

அளந்து சொல்லக்கூடிய முடிவு வேண்டுமா, ஒரே ஒரு உருட்டலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பில் ஒரு பூட்டின் கடினம் 15 என்று டன்ஜன் மாஸ்டர் வைத்திருக்கிறார். திருடனுக்கு இந்த வேலையில் கூட்டல் 5. இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 55. பின்னால் காவலர் காலடி கேட்கிறது. பகடை 9-ல் நிற்கிறது. மொத்தம் 14. ஒன்றில் போச்சு! அந்த நொடியில் மேசையைச் சுற்றி எழும் ‘அய்யோ’வைக் கேட்டவர்கள், முடிவில் மனம் வைக்கவில்லை, முடிவே இல்லை என்றெல்லாம் பேச மாட்டார்கள். 2003-ல் ‘ரூல்ஸ் ஆஃப் பிளே’ எழுதிய சேலனும் சிம்மர்மனும் அளவிடக்கூடிய முடிவு கட்டாயம் என்று அடித்துச் சொன்னவர்கள். ரோல்பிளேயை எல்லையில் நிற்பது என்று அவர்களும் குறித்தார்கள். ஆனால் ஓர் அமர்வின் இலக்கு, ஒரு சாகசத்தின் இலக்கு என்று எடுத்துப் பார்த்தால் அந்த முடிவு அங்கே இருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

முடியவே முடியாது என்ற குற்றச்சாட்டுக்கு நிறைய நேரம் வேண்டாம். 1939 மார்ச்சில் டர்பனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் நாள் கணக்கே வைக்காமல் ஒரு டெஸ்ட் ஆடின. 696 எடுத்தால் வெற்றி. இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தது. கேப்டவுனில் கப்பல் காத்திருந்தது, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் டிரா. அதைக் கிரிக்கெட் இல்லையென்று ஒதுக்கியவர் யார்?

எனக்குப் பிடித்த இலக்கணம் தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-ல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ நூலில் சொன்னது. தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்று, அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்றார். இங்கேதான் கதையும் விளையாட்டும் பிரிகின்றன. கதை சொல்பவர் “அவன் புதையலை எடுத்தான்” என்று ஒரே வரியில் எடுத்துவிடலாம், தடுக்க ஆளில்லை. மேசையில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், “பகடையை உருட்டு” என்பார்கள். குறுக்கு வழி கண்ணெதிரே திறந்துகிடக்கிறது. அதை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போகிறார்கள், அதுவும் ஆசைப்பட்டு. போதாதென்றால், முடிப்பதைவிட நடந்துகொண்டே இருப்பதை நோக்கமாகக் கொண்ட திறந்த ஆட்டங்களுக்கும் சூட்ஸ் அதே நூலில் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே காய்வா 1958-ல், விளையாட்டில் விதி இருக்கும், அல்லது பாவனை இருக்கும், இரண்டும் சேர்ந்து வராது என்று எழுதியதை எதிரணி சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியம். அவர்களுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. ஆனால் அவர் எழுதிப் பதினாறு வருடம் கழித்துத்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அந்த 3 புத்தகங்கள் வந்தன. வந்து, அந்த ‘அல்லது’வை உடைத்தன. நான் மந்திரவாதி என்பது பாவனை. இன்றைக்கு எனக்கு மிச்சம் ஒரே ஒரு மந்திரம் என்பது விதி. இரண்டும் ஒரே தாளில் எழுதியிருக்கின்றன.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு மனதார விட்டுக்கொடுக்கிறேன். பகடை இல்லை, விதி இல்லை, தீர்ப்புச் சொல்ல ஆளில்லை, பாத்திரமாகவே பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான் என்ற வகையும் சில மேசைகளில் உண்டு. அது அழகானதுதான். ஆனால் அதை என் கட்சியில் சேர்த்துப் பேச எனக்கு வாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டது, ஐயா. எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். பகடையில் 3 விழுகிறது. ஒருவன் சட்டென்று கையால் மூடி, 18 என்கிறான். பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடுகிறாள். உடனே “அழுகுணி ஆட்டம்!” என்று மேசையே கொதிக்கிறது. தன் உருட்டலை மறைக்க வைத்திருக்கும் பலகைக்குப் பின்னால் டன்ஜன் மாஸ்டரே எண்ணை மாற்றிச் சொன்னார் என்று தெரிந்தாலும், அந்த மேசையில் முகங்கள் சுருங்குவதைப் பார்க்கலாம். கதையில் பொய் சொல்லலாம், அளக்கலாம், ஆளை மாற்றலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். உங்கள் கட்சிப்படி அது வெறும் கதைதான் என்றால், அந்தப் பையன் எதை மீறினான் என்று அவனை மேசையை விட்டு எழுப்புகிறார்கள்?

நன்றி, வணக்கம்.